டொக்சிசைக்ளின் போட்டால் நெஞ்சு எரிகிறது, நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. ஐந்து நாள் காய்ச்சல், இடுப்பில் ஒரு கறுத்த பொருக்கு. உண்ணிக்காய்ச்சல் என்று சொல்லி டொக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும் ஒவ்வொன்றாக, ஏழு நாளுக்குத் தந்தார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. நேற்றிலிருந்து விழுங்கும்போது நடு நெஞ்சு எரிந்து நோகிறது. இரவுக் குளிசையைப் படுக்கப்போகும்போது ஒரு வாய் பால் தேத்தண்ணியோடு விழுங்குவேன். இரத்தம் குறைவென்று இரும்புச்சத்துக் குளிசையும் போடுகிறேன். "மருந்து சூடு, நிறுத்து" என்கிறார்கள். நிறுத்தலாமா? (வாசகி, கொடிகாமம்)

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் இதே விதமாக இன்னொரு குளிசையும் விழுங்க வேண்டாம். மருந்து தந்த வைத்தியரிடம் இன்றைக்கே போய் நோவைச் சொல்லுங்கள்.

ஒரு வாய் தேத்தண்ணி, உடனே படுக்கை: கோளாறு அங்கேதான். டொக்சிசைக்ளின் கரைந்தால் கடும் அமிலம். வயிறு அதைத் தாங்கும், உணவுக்குழாய் தாங்காது. கப்சியூலின் கூடு ஈரம் பட்டதும் பசைபோல ஒட்டும். தண்ணீரும் காணாமல் ஆளும் படுத்துவிட்டால், அது நெஞ்செலும்புக்குப் பின்னால் குழாய்ச் சுவரில் ஒட்டி, அங்கேயே கரைந்து புண்ணாக்கிவிடும். ஊரில் "சூடு" என்பது பெரும்பாலும் இந்தப் புண்தான்.

தொடரச் சொன்னால் இப்படிப் போடுங்கள். இடியப்பமோ சோறோ சாப்பிட்டபின் நிமிர்ந்து இருந்து, முதலில் இரண்டு மிடறு தண்ணீரால் தொண்டையை நனையுங்கள். பிறகு குளிசையை வாயில் போட்டு முழுக் கிளாஸ் தண்ணீர், 200 மில்லிலீற்றருக்குக் குறையாமல், குடியுங்கள். அரை மணித்தியாலமாவது படுக்கவோ சாய்மனைக் கதிரையில் சரியவோ கூடாது. காலை 7, மாலை 7 என்று வைத்துக்கொண்டால் படுக்கைக்கு முன் நேரம் தாராளம். தண்ணீரே இறங்க மறுத்தால், இரத்தவாந்தி வந்தால், மலம் தார்போலக் கறுத்துப் பிசுபிசுத்தால் உடனே ஆஸ்பத்திரி. (இரும்புக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் பிசுபிசுப்பும் கெட்ட நாற்றமும் இராது.) இந்தக் காய்ச்சலுக்கு அசித்திரோமைசினும் உண்டு. மாற்றுவதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

அடுத்தது இரும்பு. அது டொக்சிசைக்ளினைக் குடலில் பிடித்துக்கொள்ளும், மருந்து இரத்தத்துக்குப் போகாது. இரண்டு மணித்தியால இடைவெளி விட்டாலும் முழுதாகத் தப்பாது. ஏனெனில் இரத்தத்தில் ஏறிய மருந்திலும் ஒரு பங்கு குடலுக்குத் திரும்பி வரும், அங்கே இரும்பு காத்திருக்கும். ஏழு நாளும் இரும்பை நிறுத்திவைக்கலாமா என்று கேளுங்கள். ஒரு கிழமையில் உங்கள் இரத்தம் இறங்கிவிடாது. எரிவுக்கென்று பாமசியில் வெள்ளைப் பாணி வாங்கிக் குடிப்பதும் இதே கதைதான், அதிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் மருந்தைப் பிடிக்கும். பாலும் கொஞ்சம் குறைக்கும், இரும்பளவுக்கு இல்லை.

காய்ச்சல் இரண்டு நாளில் விடுவது இந்த மருந்தின் இயல்பு. கிருமி கலங்களுக்குள்ளே ஒளிந்து வாழ்வது, இடையில் விட்டால் காய்ச்சல் திரும்பலாம். 14 குளிசையும் முடிய வேண்டும். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம்.

வெங்காயத் தோட்டத்துக்குப் போனால் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போடுங்கள், இந்த நாட்களில் தோல் சட்டென்று வெயிலில் வெந்துபோகும். இரத்தம் உறையாமலிருக்க வோபரின் குடிப்பவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முகம் வீங்கினால், மூச்சு முட்டினால் அடுத்த குளிசை வேண்டாம், 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

வீட்டில் வயலுக்கு இறங்குபவர் இருந்தால் எலிக்காய்ச்சல் தடுப்புக்கென்று அவருக்கும் இதே குளிசை வந்திருக்கலாம். அது கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், இரண்டு குளிசை ஒன்றாக. உங்கள் கணக்கு வேறு. இரண்டு உறைகளையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.