தாத்தா ரேசரைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

சவரப் பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் ஜில்லெட் ரேசர் கிடைத்தது. மூன்று துண்டாகக் கழல்கிறது. ‘மேட் இன் இங்கிலாண்ட்’ என்று பொறித்திருக்கிறது. பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கிறது. இதில் ஷேவ் செய்யலாமா? இன்றைய பிளேடு பொருந்துமா?
– காரைக்குடி வாசகர்

தாராளமாகச் செய்யலாம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். வீட்டில் யாராவது புளியும் பீதாம்பரியும் எடுத்துக்கொண்டு குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் இதையும் தேய்க்கக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். அந்தக் கால ஜில்லெட் ரேசர்கள் பெரும்பாலும் பித்தளையில் செய்து, மேலே நிக்கலோ தங்கமோ முலாம் பூசியவை. அந்த முலாம் தலைமுடியைவிட மெல்லியது. நான் அம்பத்தூரில் முலாம் பூசும் பட்டறையில் காலம் தள்ளியவன். பொடி போட்டுத் தேய்த்து முலாத்தை உரித்துவிட்டு, “பழையபடி ஆக்கித் தாங்க சார்” என்று வந்து நிற்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று. மறுமுலாம் பூசலாம்தான். ஆனால் அப்புறம் அது தாத்தா தொட்ட ரேசராக இருக்காது, பளபளப்பான வேறொன்றாகிவிடும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு அரை மணி நேரம் ஊற வையுங்கள். மிருதுவான பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். அழுக்கு என்று நீங்கள் நினைப்பதில் முக்கால்வாசி காய்ந்த சோப்புதான். கொதிக்க வைக்க வேண்டாம். பச்சைக் களிம்பு, உள்ளே பித்தளை இருப்பதற்கு அடையாளம், கழுவினால் போய்விடும். களிம்புக்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் பொரிந்து குழி விழுந்திருந்தால் அது துத்தநாகக் கலவை. அதை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். எல்லாம் முடிந்ததும் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

பிளேடைப் பற்றிக் கவலையே வேண்டாம். கிங் கேம்ப் ஜில்லெட் தன் ரேசருக்குக் காப்புரிமை பெற்றது 1904இல். அப்போது பிளேடில் மூன்று துளைகள் இருந்தன. 1930 வாக்கில் அது நடுவே நீண்ட ஒற்றைத் துளையாக மாறியது. மாறினாலும் பழைய ரேசரின் மூன்று முளைகளும் இந்த நீளத் துளைக்குள் உட்கார்ந்துவிடும். பெட்டிக்கடையில் வாங்கும் டோபாஸோ செவன் ஓ கிளாக்கோ உங்கள் தாத்தா ரேசரில் பொருந்தும். நூறு வருடம் முந்தைய கருவிக்கு இன்றும் உதிரி கிடைக்கிறது! போன வருடம் வாங்கிய மிக்ஸிக்குக் கிடைக்கிறதா? பிளேடைப் போட்டு இறுக்கிய பின் ஜன்னலோரம் தூக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் விளிம்பு ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கம் அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

எஸ்டேட் சேலில் (ஒரு வீட்டின் பழைய சாமான்களை மொத்தமாக விற்கும் விற்பனையில்) கனமான ஜில்லெட் ஒன்று வாங்கினேன். கழுத்தில் 1 முதல் 9 வரை எண்கள், தலையின் அடியில் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் 2 என்ற எண்ணும் உள்ளன. கூடவே மரப்பிடி போட்ட மிகப் பழைய பிரஷ். பிரஷ்ஷையும் பயன்படுத்தலாமா?
– நியூ ஜெர்சி வாசகர்

ரேசருக்குப் பாராட்டு, பிரஷ்ஷுக்கு வேண்டாம் என்று பதில். அமெரிக்க ஜில்லெட்டில் அந்த எழுத்து வருடத்தையும் எண் காலாண்டையும் குறிக்கும். 1955க்கு ‘ஏ’ என்று தொடங்கி எண்ணினால் உங்களுடையது 1959ஆம் வருடத்தின் இரண்டாம் காலாண்டு. தடித்த பிடியைப் பார்த்துச் சேகரிப்பாளர்கள் ‘ஃபேட் பாய்’ என்று கூப்பிடுவது இதைத்தான். அன்றைய விலை 1 டாலர் 95 சென்ட். கழுத்தில் உள்ள எண் கூடக் கூடச் சவரம் கடுமையாகும்; 3இல் வைத்துத் தொடங்குங்கள். எண்ணைத் திருப்பும் முன் பிடியின் அடித் திருகைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். இறுக்கியபடி திருப்பினால் உள்ளே இருக்கும் பாகம் தேயும். 9 என்பது வீரத்தின் அளவு அல்ல.

பிரஷ் விஷயம் விளையாட்டில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் வளைக்கரடி (பேட்ஜர்) முடி கிடைப்பது அரிதாகி, குதிரை முடியில் பிரஷ் செய்தார்கள். சரியாகக் கிருமி நீக்காத முடியால் பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் பலருக்கு ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய தொற்றுநோய் வந்தது. 1930க்கு முந்தையது என்று சந்தேகம் இருந்தாலே, சேகரிப்பாளர்கள் முடியைத் தூர எறிந்துவிட்டுப் பிடியில் புதிய செயற்கை இழைக் கொத்தைப் பொருத்திக்கொள்வார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். பன்றி முடியோ வளைக்கரடி முடியோதான் உயர்ந்தது என்று சொல்பவர்கள் சொல்லிக்கொண்டிருக்கட்டும். செயற்கை இழை சீக்கிரம் காய்கிறது, நம் ஊர் ஐப்பசி மழையில் நாறுவதில்லை.

ஆசையாக இங்கிலாந்துச் சவரச் சோப்பு வரவழைத்தேன். நுரையே வரவில்லை. வந்தாலும் ஒரு நிமிடத்தில் முகத்தில் காய்ந்துவிடுகிறது. போலிச் சரக்கா?
– வேளச்சேரி வாசகர்

உங்கள் வீட்டில் போர் தண்ணீர்தானே? கடிதத்தில் சொல்லவில்லை, ஆனால் எழுதிய விதத்திலேயே தெரிகிறது. சவரச் சோப்பில் முக்கியச் சரக்கு ஸ்டியரிக் அமிலத்தின் பொட்டாசியம், சோடியம் உப்புகள். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அதைப் பிடித்துக் கரையாத பிசுக்காக்கிவிடும். பக்கெட்டின் உட்பக்கம் விரலால் வழித்தால் வருகிறதே, அதே பிசுக்கு. நீங்கள் கரைக்கும் சோப்பில் பாதி அதற்கே போகிறது. நுரைக்கு மிச்சம் என்ன இருக்கும்?

அரை டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரைச் சுட வைத்து அதில் மட்டும் பிரஷ்ஷை நனைத்துப் பாருங்கள். இயந்திரம் குடிக்கக் கொடுக்கும் தண்ணீரைச் சொல்கிறேன். சிக்கனம் என்று, அது கழித்துவிடும் தண்ணீரைப் பிடித்துவிடாதீர்கள். நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. பிரஷ்ஷை ஒருமுறை உதறிவிட்டு, சோப்பின் மேல் அரை நிமிடத்துக்குக் குறையாமல் சுழற்றுங்கள். நம் ஆட்கள் பத்து விநாடியில் அவசரப்பட்டு முகத்துக்குப் போய்விடுவார்கள். அப்புறம் முகத்தில் வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேருங்கள். பெரிய குமிழிகள் மறைந்து பளபளப்பு வர வேண்டும், பிரஷ்ஷைக் கவிழ்த்தால் விழக் கூடாது. காய்ந்துபோவதற்குக் காரணம் தண்ணீர் போதாததுதான், சோப்பு குறைந்ததல்ல.

இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் டியூப் கிரீம் வாங்குங்கள், உப்புத் தண்ணீரைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். நான் ஆர்.ஓ. தண்ணீரில் கோத்ரெஜ் ஷேவிங் ரவுண்டே போட்டுக்கொள்கிறேன். உப்புத் தண்ணீரில் ஆயிரம் ரூபாய்ச் சோப்பு தரும் நுரையைவிட அது மேல். பழைய ரேசர் வாங்கப் பணம் சேர்க்கும் எல்லோருக்கும் நான் சொல்வது: முதல் செலவு தண்ணீருக்கு, அடுத்தது பிரஷ்ஷுக்கு, கடைசியில்தான் ரேசர்.

என் கணவர் இந்தப் பகுதியைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து பாத்ரூமில் முக்கால் மணி நேரம் இருக்கிறார். என்ன செய்வது?
– திருச்சி வாசகி

சகோதரி, பத்து நிமிட வேலை அது. மீதி நேரம் போன் பார்க்கிறார்.

சின்ன வயதில் அப்பாவோடு போன சலூனின் வாசனை மறக்கவில்லை. அந்த வாசனையில் ஆஃப்டர் ஷேவ் எது?
– திருநெல்வேலி வாசகர்

எந்தப் பாட்டிலிலும் அது கிடைக்காது. நம் சலூன் வாசனை டெட்டால், டால்கம் பவுடர், ஈரப் படிகாரம், சீலிங் ஃபேன் கிளப்பும் முடித்தூசி எல்லாம் கலந்தது.

வெளிநாட்டுப் பாட்டில்களில் ‘பார்பர் ஷாப்’ என்று எழுதியிருப்பது வேறு மரபு. பாரிஸின் ஊபிகான் நிறுவனத்தில் பால் பார்க்கே 1882இல் ஃபூஷேர் ரோயால் என்ற வாசனைத் திரவியத்தைச் செய்தார். லாவெண்டர், ஓக் மரப்பாசி, அவற்றோடு காய்ந்த வைக்கோல்போல் மணக்கும் கூமரின். அந்தக் கூட்டணியே பிறகு ஐரோப்பிய, அமெரிக்க முடிதிருத்தகங்களின் வாசனையாக நிலைத்துவிட்டது. 1938இல் ஆண்களுக்கு வந்த ஓல்ட் ஸ்பைஸ் வேறு வழி: கிராம்பு, பட்டை என்று நம் அஞ்சறைப் பெட்டிச் சரக்கு. உங்கள் அப்பா தலைமுறைக்கு அது தெரிந்திருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள். கத்திரி வெயிலில் மட்டும் யூகலிப்டஸும் மெந்தாலும் போட்ட இத்தாலியப் ப்ரொராஸோ எனக்கு இஷ்டம். ஏலத்தில் வரும் ஐம்பது வருடப் பழைய திரவத்தை முகத்தில் போடாதீர்கள், மோந்து பார்த்து மூடிவிடுங்கள்.

கன்னம் நன்றாக வருகிறது. கழுத்தில் மட்டும் சிவந்து பொரிப்பொரியாகிறது.
– ஈரோடு வாசகர்

கழுத்தில் முடி ஒரே திசையில் வளராது. இரண்டு நாள் விட்டு விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மேலிருந்து கீழ், இன்னொரு பக்கம் காதை நோக்கிக் குறுக்கே என்று இருக்கும். அந்தத் திசையிலேயே இழுங்கள். கழுத்தில் ரிவர்ஸ் அடிப்பதை நிறுத்துங்கள். சுருள் முடிக்காரர்களுக்கு முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்வது அதனால்தான். ரேசரின் எடையே போதும், அழுத்தாதீர்கள்.

ஒரு பிளேடு எத்தனை ஷேவுக்கு? பழையதை எப்படிப் போடுவது?
– புதுச்சேரி வாசகர்

நான்கைந்து. பிளேடு முடியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். பழைய அமெரிக்க வீடுகளில் பாத்ரூம் அலமாரியில் ஒரு பிளவு வைத்திருப்பார்கள். பிளேடை அதில் போட்டால் சுவருக்குள் விழுந்து கிடக்கும். வீட்டை இடிக்கும்போது துருப்பிடித்த பிளேடுகள் கொட்டுமாம்! நாம் அப்படிச் செய்ய வேண்டாம், குப்பைக் கவரில் காகிதம் சுற்றியும் போட வேண்டாம். தூய்மைப் பணியாளர் கையை விட்டுத்தான் பிரிக்கிறார். காலி டால்கம் பவுடர் டின்னின் பக்கத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டு அதற்குள் தள்ளுங்கள். நிறைந்ததும் டேப் ஒட்டி, உள்ளே பிளேடு இருக்கிறது என்று எழுதி, பழைய இரும்புக் கடையில் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.