பழைய ஃப்ரிட்ஜில் பீர் குழாய்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று சும்மா கிடக்கிறது. அதற்குள் கெக் (பீர் அடைத்த உலோகப் பீப்பாய்) வைத்து, கதவில் குழாய் போட்டுப் பீர் பிடிக்கலாமா?

பதில்: இடம் அளப்பதற்கு முன்னால் குளிரை அளந்துவிடுங்கள். ஒரு பாட்டில் தண்ணீரை உள்ளே வைத்து, மறுநாள் அந்தத் தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். 3 அல்லது 4 டிகிரி செல்சியஸ் காட்டினால் வேலையை ஆரம்பிக்கலாம். 8 டிகிரிக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறதா? கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் கோளாறு ரப்பரில், அதை மாற்றிவிடலாம். ரப்பர் நன்றாக இருந்தும் குளிரவில்லை என்றால், அந்த ஃப்ரிட்ஜுக்குச் செலவு செய்யாதீர்கள்.

வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் பயன்படுத்தும் 19 லிட்டர் கெக் சுமார் 22, 23 செ.மீ. அகலம், 65 செ.மீ. வரை உயரம் இருக்கும். அதுதான் இதற்குத் தோது. 50 லிட்டர் கெக் நிரம்பியிருந்தால் 60 கிலோவைத் தாண்டும். எதுவானாலும் கண்ணாடித் தட்டுகளைக் கழற்றிவிட்டு, அடியில் தடிமனான பிளைவுட் போடுங்கள். கம்ப்ரசருக்காகப் பின்பக்கம் எழும்பியிருக்கும் மேட்டை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அட்டையில் கெக் அளவுக்கு ஒரு உருளை செய்து உள்ளே நிறுத்தி, கதவு மூடுகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள்.

கேள்வி: மேலே இருக்கும் ஃப்ரீசர் பெட்டி கெக்கில் இடிக்கிறது. கொஞ்சம் வளைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே குளிரைத் தருவதே அந்த அலுமினியத் தகடுதான். வாயு ஓடும் குழாய் அதிலேயே பதிந்திருக்கிறது. வளைக்கும்போது ஒரு கீறல் விழுந்தாலும் வாயு வெளியேறிவிடும், ஃப்ரிட்ஜ் அலமாரியாகிவிடும். உயரம் குறைந்த கெக்காகப் பாருங்கள்.

கேள்வி: ஓட்டையை எங்கே போடுவது? பக்கச் சுவரில் போட்டால் கதவு சுத்தமாக இருக்குமே.

பதில்: கதவில்தான் போட வேண்டும். வெளியே தண்ணீர், ஐஸ் தரும் வகையாக இல்லாவிட்டால், சாதாரணக் கதவுக்குள் குளிர் தாங்கும் நுரை மட்டுமே இருக்கும். பக்கச் சுவர் அப்படி இல்லை. பல மாடல்களில் சூட்டை வெளியேற்றும் குழாய் அந்தத் தகட்டுக்குப் பின்னால் மறைவாக ஓடுகிறது. ஃப்ரிட்ஜ் ஓடும்போது கை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும். கம்ப்ரசர் பக்கத்து லேபிளில் ஆர்600ஏ என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் வாயு. அங்கே டிரில்லோடு விளையாடக் கூடாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆரம்பியுங்கள். குறித்த இடத்தில் டேப் ஒட்டி, முதலில் மெல்லிய பிட்டால் மறுபக்கம் வரை ஒரு சிறு துளை போடுங்கள். பிறகு குழாய்த் தண்டின் (கதவுக்குள் நுழைந்து குழாயை டியூபோடு இணைக்கும் பகுதி) அளவுக்கு ஏற்ற, 22 முதல் 25 மி.மீ. வட்டத் துளை போடும் ரம்பத்தால் வெளிப்பக்கத்திலிருந்து பாதி, உள்பக்கத்திலிருந்து மீதி. ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டு போனால் உள் பிளாஸ்டிக் படீரென்று வெடித்துவிடும். தண்டின் நீளம் கதவின் தடிமனைவிட அதிகமாக இருக்க வேண்டும். பீரை வெளியே தள்ளும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரையும் உள்ளேயே வைத்துவிட்டால் இரண்டாவது ஓட்டைக்கு வேலையே இல்லை.

கேள்வி: எல்லாம் பூட்டியாகிவிட்டது. திறந்தால் வெறும் நுரை. அழுத்தத்தைக் குறைத்தும் பார்த்தேன், இன்னும் மோசம்!

பதில்: எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். எல்லோரும் முதலில் சிலிண்டரின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைத் திருகுகிறார்கள். நான் பிடிக்கச் சொல்வது தெர்மாமீட்டரை. குளிர்ந்த பீர் வாயுவைத் தன்னுள் வைத்திருக்கும், சூடேறினால் விட்டுவிடும். முதல் கிளாஸ் மட்டும் நுரைத்து, அடுத்தது சரியாக வந்தால் குழாயோ, கெக்கிலிருந்து குழாய்க்கு வரும் டியூபோ சூடாக இருக்கிறது என்று அர்த்தம். டியூப் முழுவதையும் சுருட்டிக் குளிருக்குள் வையுங்கள், வெளியே தொங்கவிடாதீர்கள்.

எல்லாக் கிளாஸும் நுரைத்தால் டியூபின் நீளத்தைப் பாருங்கள். உள்விட்டம் 5 மி.மீ. அளவுள்ள டியூப் 2 முதல் 3 மீட்டர் வேண்டும். அந்த நீளத்தில் உரசிக்கொண்டு வரும்போதுதான் பீரின் வேகம் அடங்கும். அரை மீட்டர் போட்டால் கிளாஸில் பீய்ச்சி அடிக்கத்தான் செய்யும். குழாயையும் முழுசாகத் திறங்கள். பாதி திறந்தால் அந்த இடுக்கிலேயே நுரை கிளம்பிவிடும்.

அழுத்தத்தைக் குறைத்தது ஏன் கெடுதல் ஆனது? பீரில் கரைந்திருக்கும் வாயுவைப் பிடித்துவைப்பதே அந்த அழுத்தம்தான். குறைத்தால் வாயு டியூபுக்குள்ளேயே பிரிந்து நுரையாகும். சில நாளில் பீரும் சப்பென்று ஆகிவிடும். 3, 4 டிகிரியில் பெரும்பாலான பீருக்கு 10 முதல் 12 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) போதும்.

கேள்வி: சிலிண்டரை உள்ளே வைத்ததும் சிலிண்டர் அழுத்தம் காட்டும் பெரிய மீட்டரில் முள் இறங்கிவிட்டது. வாயு கசிகிறதா?

பதில்: பயப்படாதீர்கள். சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரியில் சுமார் 57 பார் (இதுவும் அழுத்தத்தின் அலகுதான்), 4 டிகிரியில் 39 பாருக்குப் பக்கம். மிச்சம் எவ்வளவு என்பதை அந்த முள் சொல்லாது, திரவம் தீரும்வரை அப்படியே நிற்கும். தராசில் எடை போட்டால்தான் தெரியும். கசிவுச் சந்தேகம் இருந்தால் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள், குமிழ் வந்தால் அங்கேதான். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே நிறுத்துங்கள்.

இதில் ஒன்று முக்கியம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். காற்றோட்டம் இல்லாத சின்ன அறையிலோ நிலவறையிலோ கசிந்தால் மூச்சுக்கே ஆபத்து. மேலே திறக்கும் படுக்கை ஃப்ரீசரை மாற்றிப் பயன்படுத்துபவர்கள், தலையை உள்ளே விடுவதற்கு முன் கொஞ்ச நேரம் திறந்து வைக்க வேண்டும்.

கேள்வி: சிலிண்டர் எதற்கு, கை பம்பு போதாதா?

பதில்: ஒரே நாளில் கெக் காலியாகுமென்றால் போதும். பம்பு உள்ளே தள்ளுவது காற்று. ஆக்சிஜன் பட்ட பீர் ஓரிரு நாளில் ஈர அட்டை மாதிரி மணக்கும்.

கேள்வி: டியூபை எப்போது கழுவ வேண்டும்?

பதில்: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கெக் மாற்றும்போதும். அதற்கென்றே விற்கும் காரக் கரைசலைச் சுற்றவிட்டு, பிறகு சுத்தமான தண்ணீரில் நன்றாக அலசுங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம். குழாயைக் கழற்றி உள்ளே பிரஷ் விடுங்கள். வாய்ப்பக்கம் காய்ந்து ஒட்டியிருக்கும் பழுப்புப் பிசுக்கைப் பார்த்தால் அடுத்த முறை நான் சொல்ல வேண்டியதிருக்காது. புளிப்பு வாடை அங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில்: குழாய்க்கென்றே பூட்டு கிடைக்கிறது, போட்டுவிடுங்கள். மிகப் பழைய ஃப்ரிட்ஜாக இருந்து கதவில் கொக்கிப் பூட்டு இருந்தால், மற்ற வேலைக்கெல்லாம் முன்பு அதைக் கழற்றி எறியுங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட பிள்ளையால் அதைத் திறக்க முடியாது.