வெள்ளியைச் சுற்றிய தாள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் வெள்ளிச் சாமான்களைச் சுற்றி வைத்திருந்த பழைய செய்தித்தாள்களைப் பிரித்துப் பார்த்தேன். எட்டுக் கிரகம் ஒரே ராசியில் கூடுவதால் உலகம் அழியுமா என்று ஒன்று. அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலாப் நம் தலையில் விழுமா என்று ஒன்று. சிங்கப்பூரை எவராலும் அசைக்க முடியாது என்று இன்னொன்று. சிரித்து மாளவில்லை! இதையெல்லாம் நம்பிய நம் முன்னோர் எத்தனை அப்பாவிகள்! இந்தத் தலைப்புகள் பலித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நகைச்சுவைப் பகுதி தொடங்குங்களேன்.
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: தொடங்கலாம். முதல் இரண்டு தலைப்புகளுக்கு நானும் உங்களோடு சேர்ந்து சிரிக்கிறேன். 1962 பிப்ரவரி முதல் வாரம் மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடின. வடக்கே ஊர் ஊராக யாகம் வளர்த்தார்கள். அன்றே உலகம் அழிந்திருந்தால், அதே மாதம் நடந்த பொதுத்தேர்தலில் எத்தனையோ பேருக்கு டெபாசிட் தப்பியிருக்கும். ஸ்கைலாப் 77 டன் எடை. அது காரைக்குடியில் விழுந்திருந்தால், முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூணுக்கும் எனாமல் அடுக்குக்கும் நடுவே இன்றைக்கும் அதன் துண்டுகளுக்கு விலை பேசிக்கொண்டிருப்போம். விழுந்தது ஆஸ்திரேலியாவில். அங்கே எஸ்பெரன்ஸ் என்ற ஊரின் நிர்வாகம், குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. அந்த ஊர்ப் பையன் ஒருவன் வீட்டுக் கூரைமேல் கிடந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவுக்குப் பறந்தான். ஒரு பத்திரிகை அறிவித்திருந்த 10,000 டாலர் பரிசை வாங்கிக்கொண்டு திரும்பினான்.

ஆனால் 'அப்பாவிகள்' என்ற சொல்லை நான் ஒப்ப மாட்டேன்.

ஸ்கைலாப் விழுந்த 1979 ஜூலை 11 இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், படுத்தால் வானம் தெரியும். அதனால் என் அப்பத்தா பிள்ளைகள் அத்தனை பேரையும் எழுப்பி, ஓட்டுக் கூரையும் வேண்டாம் என்று, மச்சு போட்ட அறைக்குள் கொண்டுபோய் அடைத்தார். வாசற்படியில் தான் மட்டும் உட்கார்ந்துகொண்டார். பயப்பட ஒன்றுமில்லை என்று பேப்பரில் போட்டிருக்கிறதே என்றார் என் அப்பச்சி, அதாவது அப்பா. "அப்படிப் போட்டால்தான் எனக்குப் பயம்" என்றார் அப்பத்தா. அந்த வருஷம் மார்ச்சில்தான், உயிரோடிருந்த ஜெயப்பிரகாஷ் நாராயணுக்கு நாடாளுமன்றத்தில் இரங்கல் தெரிவித்திருந்தார்கள். அவர் காலமானது அக்டோபரில். ஆனால் அப்பத்தாவின் பயம் அதற்கெல்லாம் மூத்தது.

அப்பத்தாவின் கணவர், என் ஐயா, பர்மாவில் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கட்டடத்தில், அடுத்தாளாக (உதவி ஆளாக) இருந்தவர். 1930இல் கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கையில் இருந்தது 6 சதவீத நிலம். நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கட்ட முடியாமல் போனதில், 1938இல் அது 25 சதவீதம் ஆனது. பணமாக இருந்ததெல்லாம் வயலாக மாறிவிட்டது. பெட்டியில் வைத்துத் தூக்கி வர முடியாது. அப்படி மாட்டிக்கொண்டவர்கள் 1941இல் பேப்பரைப் பிரித்தால் கண்டது, நீங்கள் சிரித்தீர்களே, அந்த மூன்றாவது தலைப்பைத்தான். பிரிட்டிஷ்காரரின் கோட்டையான சிங்கப்பூர் இருக்கும்வரை ரங்கூனுக்கு என்ன வரும்? கணக்கு முடித்துக்கொண்டு வருகிறேன் என்று ஐயா எழுதினார். டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியர் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் சரணடைந்தது. மார்ச்சில் ரங்கூனும் போயிற்று. ஐயா பிரோம் வரை போய், அரக்கான் மலையை நடந்து கடந்து, அக்யாப்பில் கப்பல் ஏறி வந்தார். கூட நடந்தவர்களில் காலராவில் போனவர்களை அவர் கடைசிவரை பெயர் சொல்லி நினைத்துக்கொண்டிருந்தார்.

பயமுறுத்திய தலைப்பை நம்பியவர்கள் இழந்தது ஒரு ராத்திரித் தூக்கம். தைரியம் சொன்ன தலைப்பை நம்பியவர்கள் இழந்ததை எழுத இந்தப் பக்கம் போதாது. 1912இல் டைட்டானிக் பயணிகள் எல்லோரும் தப்பிவிட்டதாகச் சில பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். இறந்தவர்கள் சுமார் 1500 பேர். அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜெயித்த ட்ரூமன் தோற்றார் என்று 1948இல் சிகாகோ ட்ரிப்யூன் போட்டதே, அது வேறு வகை. அச்சுக்கோப்பவர்கள் வேலைநிறுத்தம், அவசரமாக அச்சுக்குப் போக வேண்டிய கட்டாயம். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.

எனவே அந்தப் பகுதி வரும். பெயர், 'பலித்திருந்தால்'. முதல் இதழுக்கு உங்கள் மூன்று தாள்களும் வேண்டும். தலைப்பை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். தேதியோடு முழுப் பக்கமும் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். கிழிந்த இடத்தில் டேப் ஒட்ட வேண்டாம், பசை இறங்கித் தாள் மஞ்சளாகிவிடும். பழைய பேப்பர்காரரிடமும் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா இப்படிப்பட்ட தாள்களையும் புத்தகங்களையும் ஆயுள் முழுக்கச் சேர்த்தார். அவர் சேர்த்தவைதான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. வெள்ளிச் சாமானைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொள்ளலாம்.