கொடைக்கானலில் பறித்த ஸ்ட்ராபெரி மதுரை வருவதற்குள் கொழகொழத்தால்

பிள்ளைகள் பறித்த ரெண்டு கிலோ ஸ்ட்ராபெரி வீடு வருவதற்குள் தண்ணி விட்டுருச்சுன்னு கேட்டிருந்தீங்க. பறித்த விதமும் கேரிபேக்கும்தான் காரணமாக இருக்கும்.

பழத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. பச்சை இதழுக்கு மேலே அரை அங்குலக் காம்பு விட்டு நகத்தால் கிள்ளணும். காம்புப் பக்கம் வெள்ளையாக இருந்தால் செடியிலேயே விட்டுடுங்க. மாம்பழம் மாதிரி வீட்டில் வைத்தால் பழுக்காது, நிறம் மாறினாலும் இனிப்பு ஏறாது. வெயில் ஏறுமுன் பறிங்க. அகலமான டப்பாவில் துணி விரித்து, ரெண்டு அடுக்கோடு நிறுத்துங்க. கழுவிக் கொண்டுவராதீங்க, ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். (அங்கேயே தின்பதைக் கழுவித்தான் கொடுக்கணும். மருந்து அடித்து எத்தனை நாளாச்சுன்னும் கேட்டுக்கோங்க.) வத்தலக்குண்டு வந்ததும் வெக்கை தொடங்கிரும், டப்பா டிக்கியில் வேண்டாம், ஏசி பக்கம் இருக்கட்டும். நசுங்கினதை அன்னைக்கே ஜாம் காய்ச்சிடுங்க.