காலிப்பர் பின்னுக்கு எந்த கிரீஸ்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழைக்காலம் முடிந்தாலே பிரேக் பற்றிய கேள்விகள் வரிசை கட்டி வந்துவிடும். இம்முறை வந்தவற்றில் காலிப்பர் தொடர்பானவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை இரண்டு பேட்களால் கவ்விப் பிடிக்கும் பாகம்தான் காலிப்பர்.

கேள்வி: முன் இடது சக்கரத்தில் உள்பக்க பேட் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. வெளிப்பக்க பேட் பாதிகூடத் தேயவில்லை. காலிப்பரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். தேவையா? (தூத்துக்குடி)

அவசரப்படாதீர்கள். சிறிய கார்களில் பெரும்பாலும் நகரும் வகைக் காலிப்பர்தான் இருக்கும். அதில் பிஸ்டன் உள்பக்கம் மட்டுமே. பெடலை மிதித்தால் பிஸ்டன் உள் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும். அதன் எதிர்விசையில் காலிப்பர் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் வழுக்கி வந்து, வெளி பேட்டையும் டிஸ்க்கோடு சேர்த்துப் பிடிக்கும். ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகிவிட்டால் முழு வேலையும் உள் பேட்டின் தலையில் விழும். பின்னின் ரப்பர் உறையில் சிறு கிழிசல் இருந்தால் போதும், உங்கள் ஊர் உப்புக் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

காலிப்பரைக் கழற்றி, ஒரு கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டித் தொங்கவிடுங்கள். அதன் எடை பிரேக் ஹோஸில் (பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாய்) விழக்கூடாது. இப்போது இரண்டு ஸ்லைடு பின்களையும் விரலால் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் போய்வர வேண்டும். அசைய மறுத்தால் நோய் அங்கேதான். புதிய பின்னும் ரப்பர் உறையும் காலிப்பர் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

பின்கள் நன்றாக வழுக்குகின்றன, ஆனால் பிஸ்டன் உள்ளே போக மறுக்கிறது என்றால் காலிப்பரில் காற்றை வெளியேற்ற இருக்கும் பிளீடர் நிப்பிளைச் சற்றே திறந்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். உடனே உள்ளே போனால் பெரும்பாலும் ஹோஸ் உட்புறம் உப்பி அடைத்திருக்கும். நிப்பிளைத் திறந்ததால் காற்றும் நுழைந்திருக்கலாம். கடைசியில் அதை வெளியேற்றியாக வேண்டும். திறந்தும் போகவில்லையா? பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது. அப்போது மெக்கானிக் சொன்னது சரி.

கேள்வி: வீட்டில் வீல் பேரிங் கிரீஸ் டப்பா இருக்கிறது. அதையே ஸ்லைடு பின்களுக்குத் தடவலாமா? (கோயம்புத்தூர்)

கூடாது. எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் பணம் விழுங்குவது இந்தத் தவறுதான். பிரேக்கில் உள்ள ரப்பர் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற வகை. பெட்ரோலியத்திலிருந்து வந்த எதுவும் அதற்கு ஆகாது. எண்ணெயை உறிஞ்சி உப்பிவிடும். தடவிய அன்று எல்லாம் அருமையாக வழுக்கும். நாளடைவில் ரப்பர் பருத்து, பின்னைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸை வாங்குங்கள். பழைய கிரீஸைத் துணியாலும் பிரேக் கிளீனராலும் முழுதாக நீக்குங்கள். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் மூன்றும் வேண்டாம். பின்னின் மேல் மெல்லிய படலமாகத் தடவினால் போதும். துளையை கிரீஸால் அடைத்துவிட்டால் உள்ளே சிக்கும் காற்று பின்னை வெளியே தள்ளும். அதனால் பின்னை நுழைத்ததும் ரப்பர் உறையின் விளிம்பைச் சற்றுத் தூக்கி அந்தக் காற்றை விடுங்கள். சில காலிப்பர்களில் ஒரு பின்னின் நுனியில் மட்டும் ரப்பர் புஷ் இருக்கும். எது மேல், எது கீழ் என்று கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டின் காதுகள் உட்காரும் எஃகு கிளிப்புகளையும் கழற்றுங்கள். அவற்றின் அடியில் துரு வளர்ந்தால் கிளிப் மேலெழும்பி பேட்டை நெருக்கும். கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு, காது உரசும் இடத்தில் வெப்பம் தாங்கும் செராமிக் கிரீஸைச் சிறிது தொட்டு வையுங்கள். செம்பு கிரீஸ் வைத்திருப்பவர்கள் பேட்டின் முதுகுத் தகட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேட் கிறீச்சிடுகிறது. துரு நீக்கும் ஸ்பிரே அடிக்கலாமா? (மதுரை)

சத்தம் நிற்கும். கார்தான் நிற்காது.

கேள்வி: பிரேக் ஆயில் குறைந்திருந்தது என்று அண்ணன் என்ஜின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றிவிட்டார். பரவாயில்லையா? (திருவண்ணாமலை)

அண்ணனைத் திட்டாதீர்கள். அதற்கு ‘ஆயில்’ என்று பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும். அது எண்ணெயே அல்ல, கிளைக்கால் சேர்ந்த திரவம். என்ஜின் ஆயில் கலந்தால் பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரம் வரை எல்லா ரப்பரும் கெடும். இன்னும் பெடலை மிதிக்கவில்லை என்றால் இனியும் மிதிக்காதீர்கள், காரை ஓட்டாதீர்கள். வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள். ஓட்டியிருந்தால் ரப்பர் பாகங்கள் அனைத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.

சரியான ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தர பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். மலையிறக்கத்தில் பெடல் பஞ்சாகிப்போவது இப்படித்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: பின்சக்கர டிஸ்க் பிரேக்கில் சி-கிளாம்ப் போட்டு எவ்வளவு இறுக்கியும் பிஸ்டன் உள்ளே போகவில்லை. (சேலம்)

உடனே நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கும் அதே காலிப்பரில் இருந்தால் பிஸ்டனைத் திருகிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். அதற்கான கருவி கடைகளில் கிடைக்கும். மின்சார ஹேண்ட் பிரேக் என்றால் முதலில் அதை சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வெறுமனே அழுத்தினால் உள்ளிருக்கும் பொறி உடையும்.

கேள்வி: முதல்முறையாக நானே செய்யப்போகிறேன். எதில் கவனம் தேவை? (நாகர்கோவில்)

சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தூக்கியபின் காரை ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். செங்கல் அடுக்குவது வேண்டவே வேண்டாம். பேட் தூளை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் பிரேக் ஆயில் கிண்ணத்தைப் பாருங்கள், வழியக்கூடும். போல்ட்டுகளை எவ்வளவு இறுக்குவது என்பது உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும், கைக்கணக்கு வேண்டாம்.

எல்லாம் மாட்டியதும், என்ஜினைத் தொடுவதற்கு முன், பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேட்டைத் தொடுவதற்குச் சில மிதிகள் ஆகும். பல ஆண்டுகளுக்கு முன் இதை மறந்து, கொல்லையில் ரிவர்ஸ் எடுத்தேன். முதல் மிதியில் பெடல் தரையைத் தொட்டது. கார் துணி துவைக்கும் கல்லில் மோதி நின்றது. பம்பர் போனது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.