ஆங்கிலத்தில் நாளையைச் சொல்வது எப்படி?

கேள்வி: எதிர்காலத்தைக் குறிக்க 'வில்' ஒன்றே போதும் என்று பள்ளியில் படித்தேன். அலுவலக மின்னஞ்சல்களிலோ 'ஐ ஆம் கோயிங் டு மீட்', 'ஐ ஆம் மீட்டிங்', 'ஐ வில் பி மீட்டிங்' என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அருகில் நடக்க இருப்பதற்குக் 'கோயிங் டு', தொலைவில் இருப்பதற்கு 'வில்' என்று நண்பர் விளக்கினார். அது சரிதானா?

பதில்: சரியில்லை. 'ஐ வில் கால் யூ பேக் இன் டூ மினிட்ஸ்' என்று இரண்டு நிமிடத்துக்குள் நடக்கப்போவதற்கு 'வில்' வருகிறது; 'வென் ஐ ரிடையர், ஐ ஆம் கோயிங் டு ரைட் எ நாவல்' என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு நடக்க வேண்டியதற்குக் 'கோயிங் டு' வருகிறது. எனவே காலத்தின் தொலைவு இங்கே அளவுகோல் அன்று. பேசுபவர் எந்த நிலையில் நின்று அந்தச் செய்தியைச் சொல்கிறார், அதற்கு இப்போது அவரிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்பவைதாம் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன.

இந்தக் குழப்பத்துக்கு ஆங்கிலத்தின் அமைப்பே காரணம். ஆங்கில வினைச்சொல் தன் உருவை மாற்றிக் காட்டுவது நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் மட்டுமே. 'செய்வேன்' என்பதுபோல் விகுதியோடு அமைந்த எதிர்கால வடிவம் அதற்கு இல்லை. ஆகவே விருப்பத்தைக் குறித்த பழைய வினையான 'வில்', செல்வதைக் குறிக்கும் 'கோ', நிகழ்கால வடிவங்கள் ஆகியவற்றை அந்த மொழி இரவலாக எடுத்துக்கொண்டது. இரவல் வாங்கிய ஒவ்வொன்றும் தன் பழைய பொருளின் சாயலைச் சிறிதேனும் சுமந்து நிற்கிறது.

அச்சுப்பொறியில் காகிதம் தீர்ந்துவிட்டது என்று சக ஊழியர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'ஐ வில் பிரிங் சம்' என்று நீங்கள் பதில் சொன்னால், அந்தச் செய்தியைக் கேட்ட கணத்தில்தான் முடிவெடுத்தீர்கள் என்று பொருள். 'ஐ நோ, ஐ ஆம் கோயிங் டு பிரிங் சம்' என்றால், அவர் சொல்வதற்கு முன்பே உங்களுக்கு அது தெரியும், கொண்டுவருவதாக முடிவும் செய்திருந்தீர்கள் என்று பொருள். இரண்டாவது வாக்கியத்தை முதலாவதன் இடத்தில் வைத்தால் இலக்கணப் பிழை நேராது. ஆனால் உதவ முன்வந்தவரின் குரல் மறைந்து, 'இதை நீங்கள் சொல்லவும் வேண்டுமா' என்பது போன்ற தொனி புகுந்துவிடும். வாக்குறுதிக்கும் உதவிக்கும் 'வில்' பொருந்துவது இதனால்தான்.

ஊகத்திலும் இதே வேறுபாடு உண்டு. சாய்ந்து ஆடும் ஏணியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சொல்பவர் 'இட் இஸ் கோயிங் டு ஃபால்' என்பார்; விழப்போவதற்கான அறிகுறி அவர் கண்முன் இருக்கிறது. 'ஐ திங்க் ஷி வில் லைக் திஸ் புக்' என்பவருக்கு அப்படிப்பட்ட அறிகுறி தேவையில்லை, அவருடைய கருத்தே போதும்.

'ஐ ஆம் மீட்டிங் ஹிம் டுமாரோ' என்பது வேறொரு தளம். இங்கே எண்ணம் மட்டும் போதாது. மற்றவரோடு பேசி நேரமும் இடமும் ஏற்பாடு ஆகியிருக்க வேண்டும். மழையோடு யாரும் ஏற்பாடு செய்துகொள்ள முடியாது என்பதால் 'இட் இஸ் ரெயினிங் டுமாரோ' என்று சொல்ல முடிவதில்லை. தமிழர்கள் அதிகம் வழுக்கும் இடமும் இதுதான். 'நாளை அவரைச் சந்திக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்திலேயே இயல்பாகச் சொல்வதால், ஆங்கிலத்திலும் 'ஐ மீட் ஹிம் டுமாரோ' என்று எழுதிவிடுகிறோம். அந்தச் சாதாரண நிகழ்காலத்தை ஆங்கிலம் பெரும்பாலும் கால அட்டவணைக்கே ஒதுக்கி வைத்திருக்கிறது: 'தி டிரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்', 'தி கோர்ஸ் எண்ட்ஸ் ஆன் ஃபிரைடே'.

நீங்கள் குறிப்பிட்டவற்றுள் நுட்பமானது 'ஐ வில் பி மீட்டிங்'. குறிப்பிட்ட ஒரு நேரத்தில் செயல் நடந்துகொண்டிருக்கும் என்பதை அது சொல்லும்; அத்துடன், தனி விருப்பம் எதுவுமின்றி வழக்கமான போக்கில் ஒன்று நடக்கும் என்பதையும் சொல்லும். 'வில் யூ யூஸ் தி ரூம் திஸ் ஆஃப்டர்நூன்?' என்று கேட்டால் அது வேண்டுகோளாகவோ அழுத்தமாகவோ காதில் விழக்கூடும். 'வில் யூ பி யூசிங் தி ரூம்?' என்றால் உங்கள் திட்டத்தைத் தெரிந்துகொள்ள மட்டுமே கேட்கிறேன் என்று ஆகிறது. விடுதி வரவேற்பாளர்களும் விற்பனையாளர்களும் இந்த வடிவத்தை விரும்புவது அதன் பணிவுக்காகத்தான். நம் அலுவலகக் கடிதங்களில் இதை இன்னும் தாராளமாகக் கையாளலாம் என்பது என் எண்ணம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'ஐ ஆம் கோயிங் டு மீட் ஹிம் டுமாரோ', 'ஐ ஆம் மீட்டிங் ஹிம் டுமாரோ' என்ற இரண்டும் பல சூழல்களில் சரியானவையே. ஒன்றைச் சரியென்றும் மற்றொன்றைத் தவறென்றும் குறிக்கச் சொல்லும் தேர்வு வினாக்கள் மொழியின் இயல்புக்குப் புறம்பானவை. அவற்றை நினைத்து உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: 'வென் ஐ வில் ரீச், ஐ வில் கால் யூ' என்று எழுதியதைத் தவறு என்று திருத்தினார்கள். இரண்டு செயல்களும் எதிர்காலத்தில்தானே நடக்கின்றன?

பதில்: திருத்தியவர் சொன்னது சரி, 'வென் ஐ ரீச், ஐ வில் கால் யூ' என்பதே முறை. முதன்மை வாக்கியம் எதிர்காலத்தைச் சொல்லிவிட்டதால், 'வென்', 'இஃப்', 'அன்டில்', 'பிஃபோர்', 'ஆஸ் சூன் ஆஸ்' என்று தொடங்கும் துணை வாக்கியம் நிகழ்காலத்தோடு நின்றுவிடுகிறது. 'வந்தால் சொல்கிறேன்', 'வந்ததும் பேசுவோம்' என்னும்போது நாமும் 'வந்தால்', 'வந்ததும்' என்பவற்றில் எதிர்காலத்தைக் காட்டுவதில்லையே.

ஆனால் 'வென்' என்ற சொல்லைக் கண்டவுடனேயே 'வில்'லை அடித்துவிடக் கூடாது. 'ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்' என்பது பிழையற்ற வாக்கியம். இங்கே 'வென்' என்பது 'எப்போது' என்னும் வினா. அவர் வரும்போது வேறொன்று நடக்கும் என்ற பொருள் இதில் இல்லை. 'இஃப் யூ வில் வெயிட் ஹியர்' என்பதும் சரியே. காத்திருக்க நீங்கள் மனம் இசைந்தால் என்று அது பணிவோடு கேட்கிறது. 'வில்' தன் பழைய விருப்பப் பொருளில் நிற்கும் இடம் இது.

கேள்வி: 'ஐ', 'வீ' இரண்டுக்கும் 'ஷல்'தான் போட வேண்டும் என்ற விதி இன்னும் உயிரோடு இருக்கிறதா?

பதில்: அன்றாட வழக்கில் இல்லை. தன்மையில் 'ஷல்', முன்னிலையிலும் படர்க்கையிலும் 'வில்' என்ற பாகுபாட்டை 1653இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கண நூலில் வகுத்துக் கொடுத்தவர் ஜான் வாலிஸ். கணிதத்தில் முடிவிலிக் குறியை அறிமுகப்படுத்திய அதே வாலிஸ்தான். இன்று 'ஷல் ஐ ஓபன் தி டோர்?', 'ஷல் வீ கோ?' என்று அனுமதியோ இசைவோ கேட்கும் இடங்களில் மட்டும் 'ஷல்' இயல்பாக ஒலிக்கிறது. ஒப்பந்தங்களில் அது எதிர்காலத்தைக் குறிக்காமல் கடமையைக் குறிக்கிறது. அங்கும் அதன் பிடி தளர்ந்து வருகிறது: அமெரிக்காவின் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளை 2007இல் எளிய நடையில் திருத்தி எழுதியபோது, கட்டாயத்தைக் குறிக்க 'ஷல்' இருந்த இடங்களில் 'மஸ்ட்' அமர்ந்தது. ஆயினும் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருக்கும் 'ஷல்'லை நடை அழகுக்காக 'வில்' என்று நீங்களாகவே மாற்றிவிடாதீர்கள்; அது வழக்கறிஞரைக் கேட்டுச் செய்ய வேண்டிய வேலை.