நாக்கில் குத்திய அணியும் மீண்டும் வந்த வீக்கமும்

கேள்வி: கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும், இப்போது வீட்டுக்கு வந்திருக்கும் என் மகள், மூன்று வாரங்களுக்கு முன் நாக்கில் துளையிட்டுச் சிறிய கம்பியொன்றை அணிந்துகொண்டாள். முதல் வாரம் வீங்கி வடிந்த நாக்கு, இப்போது மீண்டும் தடித்து, துளையிலிருந்து மஞ்சளாக ஏதோ கசிகிறது. கம்பியைக் கழற்றச் சொன்னால், தோட்டத்துத் திருவிழாவில் அலகு குத்துகிறவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையே என்கிறாள். நான் என்ன செய்வது?
- ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: முதல் வாரத்து வீக்கம் இயல்பானது. வடிந்த வீக்கம் திரும்பி வந்து சீழும் கசிவது, புண்ணில் கிருமித் தொற்று ஏற்பட்டிருப்பதையே காட்டுகிறது. ஆகவே தாமதிக்காமல் மகளை டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். கம்பியை வீட்டில் கழற்றிவிட வேண்டாம். துளையின் வாய் மூடிக்கொண்டால் சீழ் வெளியேற வழியின்றி உள்ளேயே கட்டிவிடக்கூடும் என்பதால், அதை எப்போது எடுப்பதென்று வைத்தியரே முடிவு செய்யட்டும். முன்பு வாங்கி மீந்த அன்டிபயோட்டிக் மாத்திரைகளையும் கொடுக்காதீர்கள்.

நான் மிகவும் அஞ்சுவது, தொற்று நாக்கின் அடிப்பகுதிக்கும் தாடைக்குக் கீழும் பரவுவதைத்தான். அப்படிப் பரவினால் நாக்கு மேல்நோக்கித் தள்ளப்பட்டு மூச்சுப்பாதை அடைபடும். தாடையின் கீழ் கல்போன்ற வீக்கம், எச்சிலை விழுங்க முடியாமை, குரல் மாறுதல், வாயைத் திறக்க முடியாமை, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸ் சேவையை உடனே அழையுங்கள். மலைப்பாதையில் வண்டி வந்து சேரவும் நேரமெடுக்கும்.

அலகைப் பற்றி மகள் சொல்வதற்கும் பதில் இருக்கிறது. அலகு அன்றைக்கே உருவப்பட்டுவிடுகிறது. அதனாலும் தொற்று வரக்கூடும் என்றாலும், ஆறாத புண்ணுக்குள் வாரக்கணக்கில் தங்கியிருக்கும் கம்பியின் நிலை வேறு. உணவுத் துணுக்கும் கிருமிகளும் அதைச் சுற்றிச் சேர்ந்துகொண்டே இருக்கும்.

சிறுவயதில் அவளுக்கு வாதக்காய்ச்சல் வந்து, மாதந்தோறும் பென்சிலின் ஊசி போட்டதுண்டா? அல்லது இதய வால்வில் கோளாறு இருப்பதாக எவரேனும் சொன்னதுண்டா? இருந்தால் வைத்தியரிடம் முதலில் அதையே சொல்லுங்கள், ஏனெனில் வாதக்காய்ச்சல் இதய வால்வைப் பழுதாக்கக்கூடும்; வாய்க் கிருமிகள் இரத்தத்தில் கலந்து பழுதான வால்வில் படிந்தால் உயிருக்கே ஆபத்து. துளையிட்டவர் புதிய ஊசியைக் கண்முன்னே பிரித்தாரா என்பதையும் மகளிடம் கேளுங்கள். பிரிக்கவில்லையென்றால் ஈரல் அழற்சிக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி பற்றியும் வைத்தியரிடம் கேட்டறியுங்கள். இவற்றைக் கேட்கையில் தயவுசெய்து திட்டாதீர்கள். பயந்த பிள்ளை வலியை மறைக்கும். மறைத்த வலிதான் பெரிய கேடாக முடிகிறது.

வைத்தியரைக் காணும்வரை, கொதித்தாறிய ஒரு கோப்பை நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஒவ்வொரு முறை உண்ட பின்பும் வாய் கொப்பளிக்கட்டும். உறைப்பு, வெற்றிலை, சூடான தேநீர் ஆகியவற்றைத் தவிர்க்கட்டும்.

புண் ஆறிய பிறகும் கம்பியை அணிய அவள் விரும்பினால், முன்பற்களின் உட்புறத்தில் அது ஓயாமல் உரசி ஈறு இறங்குவதும் பல் உடைவதும் உண்டென்பதையும், இறங்கிய ஈறு தானாக மீண்டும் வளராதென்பதையும் ஒரு பல் வைத்தியர் வாயிலாகவே அவள் கேட்டறிந்து முடிவெடுக்கட்டும்.